ட்ரிப்புக்கு முன்னால் அத்தையிடம் கேளுங்கள்

எல்எஸ்டியோ போதைக் காளானோ சாப்பிட்டு 'ட்ரிப்' அடிக்க, இல்லாத காட்சிகளைப் பார்க்கக் கொடைக்கானலுக்குப் போகப் போகிறோம் என்று என்னிடம் வரும் பையன்கள் முதலில் கேட்பது எப்போதும் இடத்தைப் பற்றித்தான். ரூம் எடுக்கலாமா, டென்ட் போதுமா, இல்லை இங்கே முட்டத்துப் பாறையிலேயே உட்கார்ந்துவிடலாமா அக்கா என்று. நாகர்கோவிலில் மனநலப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன், கேட்டால் திட்டமாட்டேன் என்பதும் அவர்களுக்குத் தெரியும், அதனால் கேட்கிறார்கள். போகாதே மக்களே என்பதுதான் என் முதல் பதில். சட்டத்திலும் இதற்கு இடமில்லை. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் எல்எஸ்டியும் உண்டு, காளானில் இருக்கிற சைலோசிபினும் உண்டு, எல்எஸ்டி 0.1 கிராமுக்கு மேல் கையில் இருந்தால் குறைந்தது 10 வருடச் சிறை. இதையெல்லாம் சொன்ன பிறகும் போகிறவர்கள் போகத்தான் செய்கிறார்கள். அவர்கள் உயிரோடும் தெளிவோடும் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்திருக்கிறதா? உடனே இல்லை என்பார்கள். எப்படித் தெரியும் என்றால், இருந்தால் சொல்லியிருப்பார்களே என்பார்கள்.

சொல்லியிருக்கவே மாட்டார்கள். நம்ம ஊரில் அது கல்யாணப் பேச்சைக் கெடுக்கிற விஷயம். பாட்டாவின் தம்பிக்கு 20 வயதில் கேட்காத சத்தம் கேட்டது, யாரோ சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று பட்டினி கிடந்தார் என்பதெல்லாம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும், ஆனால் அடுத்த தலைமுறைக்கு வந்து சேரும்போது அது "சித்தப்பா சின்ன வயசிலேயே ஊரைவிட்டுப் போயிட்டாரு" என்று மாறியிருக்கும், இல்லையென்றால் யாரோ செய்வினை வைத்த கதையாக மாறியிருக்கும். கோயிலில் கொண்டு விட்டார்கள், தர்காவில் கொண்டு விட்டார்கள், சர்ச்சில் ஜெபம் செய்தார்கள் என்று இடம் மட்டும் சொல்வார்கள், எதற்குக் கொண்டு போனார்கள் என்பதைச் சொல்லமாட்டார்கள்.

ஒரு பையனை இப்படித்தான் கொண்டு வந்தார்கள். நண்பர்களோடு ஸ்டாம்ப், அதாவது எல்எஸ்டி ஊறிய சின்னக் காகிதத் துண்டு, போட்டிருக்கிறான், மற்றவர்கள் மறுநாள் வேலைக்குப் போய்விட்டார்கள், இவன் மட்டும் தூங்கவே இல்லை. டிவியில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இப்படி இல்லை என்று அவன் அம்மை சத்தியம் செய்தார், பொய்யும் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. அப்புறம் பார்க்க வந்த அப்பாவின் அக்காதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன் தம்பி ஒருவனை வீட்டில் அறையில் பூட்டி வைத்திருந்ததைச் சொன்னார். அந்தப் பையன் அந்தப் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை.

மருத்துவம் சொல்வது இதுதான். ஸ்கிசோஃப்ரீனியா என்ற மனச்சிதைவு நோய் பொதுவாக 100 பேரில் சுமார் ஒருவருக்கு வருகிறது. பெற்றவருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் கிட்டத்தட்ட 10 பேரில் ஒருவருக்கு. அதுவும் ஆண்களுக்கு அது தலைகாட்டுகிற வயது 18லிருந்து 25 வரை, சரியாக இவர்கள் கொடைக்கானலுக்கு வண்டி ஏறுகிற வயது. மனநிலை அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் போகிற இருமுனைக் கோளாறு இருக்கிற குடும்பத்துக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சைலோசிபின் ஆய்வு செய்கிறவர்கள், 2008இல் அவர்கள் வெளியிட்ட பாதுகாப்பு வழிகாட்டுதலிலேயே, நெருங்கிய ரத்த சொந்தத்தில் இந்த நோய்கள் இருக்கிறவர்களை ஆய்வில் சேர்க்கவே கூடாது என்று வைத்திருக்கிறார்கள். டாக்டர்கள் பக்கத்தில் இருக்கிற இடத்திலேயே சேர்ப்பதில்லை. அதனால் ரூம் தேடுவதற்கு முன்னால் உங்கள் அத்தையிடமோ, அம்மையின் சித்தியிடமோ ஒரு மதியம் உட்கார்ந்து பேசுங்கள். மனநோய் இருந்ததா என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். நாள்கணக்கில் தூங்காமல் இருந்தவர் யார், தனியாகப் பேசியவர் யார், வீட்டைவிட்டுப் போனவர் யார், கட்டிப்போட வேண்டி வந்தது யாரை என்று கேளுங்கள். ஒரு பெயர் வந்தாலும் ட்ரிப் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

அடுத்தது மாத்திரை. இருமுனைக் கோளாறுக்குக் கொடுக்கிற லித்தியம் சாப்பிடுகிறவர் தொடவே கூடாது, எல்எஸ்டியோடும் காளானோடும் சேர்ந்து வலிப்பு வந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் வேறொரு பழக்கம் பார்க்கிறேன், ட்ரிப் நன்றாக ஏற வேண்டும் என்று இரண்டு வாரம் முன்னாலேயே மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். அந்த இரண்டு வாரத்திலேயே சோர்வு திரும்பி வரலாம், அந்த நிலைமையில்தான் போய் அதைச் சாப்பிடுகிறார்கள். இதய நோயோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ இருக்கிறவர்களுக்கும் வேண்டாம், ஏனென்றால் பிரஷரும் துடிப்பும் கூடும். கஞ்சாவும் சாராயமும் கூடச் சேர்வதால்தான் பாதிப் பேருடைய நிலைமை கைமீறிப் போகிறது என்பது நான் பார்த்த வரையில் உண்மை.

கிடைக்கிற பொருளைப் பற்றி. ஆய்வில் கொடுப்பது அளந்த சுத்தமான மருந்து, 25 மில்லிகிராம் என்றால் 25தான். கையில் வருகிற காய்ந்த காளானில் எவ்வளவு இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. ஸ்டாம்ப் என்று கொடுப்பதில் எல்எஸ்டிக்குப் பதில் என்பிஓஎம்இ என்ற வேறு ரசாயனம் இருந்து உலகம் முழுக்க ஆட்கள் செத்திருக்கிறார்கள், நாக்கில் வைத்தால் கடுமையாகக் கசக்கும், கசந்தால் உடனே துப்பிவிட வேண்டும், கசக்கவில்லை என்பதால் நல்லது என்றும் ஆகாது. இடி இடித்து மழை பெய்ததும் பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் தாங்களே காளான் தேடிப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், ஈரலைக் கெடுக்கிற விஷக்காளான் சாப்பிட்ட உடனே ஒன்றும் செய்யாது. 6 மணி நேரம் கழிந்து, சில சமயம் மறுநாள்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும், நடுவில் சரியானது போலவும் தோன்றும், அதற்குள் ஈரல் போய்க்கொண்டிருக்கும்.

ஊமத்தை இதில் சேர்த்தியே இல்லை. ரோட்டோரம் சும்மா கிடைக்கிறது என்று ஊமத்தங்காயைத் தின்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அட்ரோபினும் ஸ்கோபோலமினும் உள்ள விஷம் அது. வாய் வறண்டு, கண்மணி விரிந்து, உடம்பு கொதித்து, மூத்திரம் நின்று, தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் போகும். அதற்குப் பாதுகாப்பான வழி என்று எதையும் நான் சொல்லமாட்டேன், கிடையாது.

சரி, இடத்துக்கு வருவோம். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 2006இல் வெளியான ஆய்வில் 36 பேர் கலந்துகொண்டார்கள். ஒவ்வொருவரோடும் முன்கூட்டியே மொத்தம் 8 மணி நேரம் போல உட்கார்ந்து பேசிப் பழகியிருக்கிறார்கள், வீட்டு ஹால் போல ஒரு அறை, சோபா, கண்ணுக்குக் கட்டு, இசை, பக்கத்தில் நம்பிக்கையான ஆள். அப்படி இருந்தும் 11 பேருக்கு நடுவில் கடும் பயம் வந்திருக்கிறது. அவ்வளவு ஏற்பாட்டிலேயே அப்படியென்றால், அலை வந்து அடிக்கிற முட்டத்துப் பாறையிலோ, வழுக்குகிற திற்பரப்பு அருவியிலோ, மாத்தூர் தொட்டிப்பாலத்து உயரத்திலோ அந்தப் பயம் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். தண்ணீரும் உயரமும் ரோடும் பக்கத்தில் இருக்கவே கூடாது. நம்ம வீடுகளில் இன்னொரு சிக்கல், சொல்லாமல் கொள்ளாமல் மாமா வந்து கதவைத் தட்டுவார், அடுத்த தெருவில் அம்மன் கோயில் கொடை என்றால் ராத்திரி முழுக்க வெடியும் மைக் செட்டும். காளான் என்றால் 4 முதல் 6 மணி நேரம், எல்எஸ்டி என்றால் 8 முதல் 12 மணி நேரம், இடையில் இறங்கிவிட முடியாது. பைக் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும், மறுநாளும் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகுதான் வாங்க வேண்டும்.

கூட இருப்பவர் ஒன்றும் சாப்பிடாதவராக இருக்க வேண்டும். "நானும் கொஞ்சமா எடுத்துக்கிறேன்" என்பவர் வேண்டாம். வீடியோ எடுக்கிறவர் வேண்டவே வேண்டாம். பயந்து போனவரிடம் வாதாடக் கூடாது, சிரிக்கக் கூடாது, கூட்டம் சேர்க்கக் கூடாது. விளக்கைக் குறைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நீ இன்னது சாப்பிட்டிருக்கிறாய், நேரம் ஆக ஆக இது இறங்கும், நான் போகமாட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னால் பெரும்பாலும் அடங்கும். வலிப்பு, நெஞ்சுவலி, உடம்பு நெருப்பாகச் சுடுவது, எழுப்பியும் எழாதது, தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தப் பார்ப்பது, இதில் எது வந்தாலும் 108. போலீஸ் வருமோ என்று பயந்து அரை மணி நேரம் தள்ளிப்போடுகிறார்கள், அந்த அரை மணி நேரம்தான் ஆளைக் கொல்கிறது. டாக்டரிடம் என்ன, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், மீதி இருந்தால் அதையும் கொண்டு போங்கள்.

அப்புறம் வருகிற நாட்களை யாரும் கவனிப்பதில்லை. இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை, பேச்சு கோர்வையாக இல்லை, எல்லோரையும் சந்தேகப்படுகிறான் என்றால் இன்னும் போதை இறங்கவில்லை என்று காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மந்திரிக்கப் போகிறவர்கள் போகட்டும், நான் தடுக்கமாட்டேன், ஆனால் அதற்கு முன்னால் அங்கே ஓபி சீட்டு போட்டுவிட்டுப் போங்கள், போகும்போது அந்த அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.