அந்த 03 கார்டின் பெயர் இல்லை

வேலை அரை மணி நேரத்தில் முடியவேண்டியது. விர்ச்சுவல் மெஷின்கள் (ஒரே கம்ப்யூட்டருக்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர் போல ஓடுபவை) ஓடும் ஒரு சர்வரில் புதிதாக ஒரு என்விஎம்இ ஸ்டோரேஜ் கார்டைச் செருகி, மூடி, பவரைப் போட வேண்டும், அவ்வளவுதான். போட்டேன். சர்வர் எழுந்தது, ஃபேன் சத்தம் அடங்கியது, ஆனால் நெட்வொர்க்கில் ஆளைக் காணோம், பிங் கூடப் போகவில்லை.

கன்சோலில் நுழைந்து பார்த்தால் நெட்வொர்க் இன்டர்ஃபேஸே இல்லை. கர்னல் லாகில் மட்டும் ஒரு தடயம் இருந்தது: அந்த மெஷினில் எப்போதும் இஎன்பி2எஸ்0 என்று வரும் பெயர் இந்த முறை இஎன்பி3எஸ்0 என்று வந்திருந்தது. சரி, பெயர்தான் மாறிவிட்டது என்று கான்ஃபிக்கில் 2 இருந்த இடத்தில் 3 போட்டு நெட்வொர்க்கை மறுபடி எழுப்பினேன். அப்படி ஒரு இன்டர்ஃபேஸே கிடையாது என்றது. கொஞ்ச நேரம் முன்பு லாகில் இருந்த பெயர் இப்போது எங்கே போனது? கார்டு செத்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன், ஒரு தடவை கழற்றி மாட்டவும் செய்தேன் (அது எதற்கும் உதவவில்லை).

கடைசியில் எல்எஸ்பிசிஐ (செருகியிருக்கும் கார்டுகளைப் பட்டியல் போடும் கமாண்ட்) போட்டு எந்த டிவைஸை எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று பார்த்தபோதுதான் விளங்கியது. நெட்வொர்க் கார்டு 0000:03:00.0 என்ற முகவரியில் உட்கார்ந்திருந்தது, அதைப் பிடித்திருந்தது விஎஃப்ஐஓ, டிவைஸை அப்படியே விர்ச்சுவல் மெஷினிடம் ஒப்படைக்கும் டிரைவர். அதாவது ஹோஸ்டின் (மெஷின்களைத் தாங்கும் அந்த சர்வரின்) ஒரே நெட்வொர்க் கார்டை ஒரு விர்ச்சுவல் மெஷின் எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஃபைல் சர்வராக ஓடும் அந்த மெஷினுக்கு டிஸ்க் கன்ட்ரோலரைக் கொடுக்கும்போது 0000:03:00.0 என்று எழுதியவன் நான்தான். எழுதிய அன்று அந்த முகவரியில் கன்ட்ரோலர் இருந்தது.

அந்த முகவரியைப் பிரித்தால் டொமைன் (0000), பஸ் (03), டிவைஸ் (00), ஃபங்ஷன் (0). இதில் பஸ் எண் கார்டில் பொறித்து வருவது கிடையாது. பூட் ஆகும்போது சிஸ்டம் பஸ்களை இணைக்கும் பிரிட்ஜ் பிரிட்ஜாக நடந்து போய், கண்ணில் பட்ட வரிசையில் எண் கொடுக்கிறது. என் மெஷினில் புது கார்டு வரிசையின் முன்பக்கம் போய் நின்றுகொண்டது, 2-ல் இருந்த நெட்வொர்க் கார்டு 3 ஆனது, கன்ட்ரோலர் 4-க்குத் தள்ளப்பட்டது. விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் லிப்விர்ட்டில் மேனேஜ்டு என்று போட்டிருந்ததால் அது பாட்டுக்கு ஹோஸ்ட் டிரைவரைக் கழற்றி டிவைஸை விருந்தாளியிடம், அதாவது விர்ச்சுவல் மெஷினிடம், கொடுத்துவிட்டது. "இது உன் நெட்வொர்க் கார்டாச்சே" என்று அது கேட்காது, கேட்கவேண்டியது அதன் வேலையும் இல்லை.

அப்படியானால் முகவரியை விட்டுவிட்டு வெண்டர் (தயாரிப்பாளர்), டிவைஸ் (மாடல்) எண்களை வைத்துப் பிடித்தால் என்ன என்று தோன்றும். இன்டெலுக்கு 8086 (அந்தப் பழைய சிப்பின் எண்ணையே வைத்துக்கொண்டார்கள்), ஏஎம்டி கிராஃபிக்ஸுக்கு 1002, இவை எந்த ஸ்லாட்டில் போட்டாலும் மாறாது. ஆனால் ஒரே மாடலில் இரண்டு கார்டு இருந்தால் இரண்டுக்கும் ஒரே எண், விஎஃப்ஐஓவுக்கு அந்த எண்ணைக் கொடுத்தால் இரண்டையும் அள்ளிக்கொள்ளும். யுஎஸ்பியில் இதே கூத்து இன்னும் மோசம், பிடுங்கிச் செருகினாலே பஸ்ஸில் கிடைக்கும் டிவைஸ் எண் (மாடல் எண் இல்லை) மாறிவிடும். ஒரே மாதிரி இரண்டு லைசன்ஸ் டாங்கிள் (சாஃப்ட்வேர் ஓட அனுமதி தரும் யுஎஸ்பி துண்டு) இருந்த இடத்தில் பஸ்ஸையும் போர்ட்டையும் வைத்துத்தான் அடையாளம் சொல்ல முடிந்தது. அங்கே டாங்கிளை யாரும் வேறு போர்ட்டுக்கு மாற்றாத வரைக்கும் பிழைப்பு ஓடும்.

இன்னொன்று, எல்எஸ்பிசிஐ காட்டுவது ஹெக்ஸ், பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண். அதில் பஸ் 10 என்று பார்த்து அப்படியே லிப்விர்ட்டின் எக்ஸ்எம்எல் கான்ஃபிக்கில் 10 என்று எழுதினால் அது சாதாரணப் பத்து ஆகிவிடும், உண்மையில் அது பதினாறு. முன்னால் பூஜ்யமும் எக்ஸும் போட வேண்டும். இதிலும் ஒரு மதியம் போயிருக்கிறது.

இப்போது முகவரியை அப்படியே வைத்திருக்கிறேன், கூடவே லிப்விர்ட்டின் க்யூஎம்யூ ஹுக்கில் (மெஷினைக் கிளப்பும்போது லிப்விர்ட் தானாக ஓட்டும் இடம்) ஒரு சின்ன ஸ்கிரிப்ட். மெஷின் கிளம்பும் முன் அந்த முகவரியில் இருக்கும் டிவைஸின் வெண்டர் எண்ணையும் டிவைஸ் எண்ணையும் சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னல் டிவைஸ் விவரங்களைக் காட்டும் இடம்) படித்து, நான் எழுதிவைத்ததோடு ஒத்துப்போகாவிட்டால் தோல்வி என்று திரும்பிவிடும், மெஷின் கிளம்பாது. அந்த ஸ்கிரிப்டுக்குள்ளிருந்து லிப்விர்ட்டையே திரும்பக் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு தொங்கிப்போகும்.

கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் அதே சர்வரில் ஒரு கார்டை இடம் மாற்றியிருக்கிறார். ராத்திரி போன் வந்தது, ஃபைல் சர்வர் மெஷின் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது, உங்கள் ஸ்கிரிப்ட்தான் தடுக்கிறது என்று கொஞ்சம் கடுப்பாகவே சொன்னார். ஹோஸ்டுக்குள் போக முடிகிறதா என்று கேட்டேன். "போகுதே, அதிலிருந்துதானே பார்க்கிறேன்" என்றார்.