மாடிவீட்டுப் பையனும் ஆகாயத்தாமரையும்

எங்க மாடிவீட்டுப் பையன் பி.யூ.சி. ரெண்டாம் வருஷம், நம்மூர் பிளஸ் டூ மாதிரி. ஆறு மாசமா பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளுக்கு அலைஞ்சு பழைய வைப்பர் மோட்டார், சைக்கிள் செயின், பி.வி.சி. பைப்புன்னு சேர்த்து ஒரு மிதவை செஞ்சிருக்கான். ஏரியை மூடிக்கிற ஆகாயத்தாமரைச் செடியை அள்ளுற மிஷினாம்.

முதல்ல பிளேடு வச்சிருந்தான். ஓசூர் பக்கம் அவன் மாமா ஊர்க் குட்டையில இறக்கினா, ரெண்டே நிமிஷத்துல வேர் சுத்திக்கிட்டு, மிதவையைத் தள்ளுற ஃபேன் நின்னுபோச்சு. அதைவிடப் பெரிய வில்லங்கம், வெட்டுப்பட்ட துண்டும் தனிச்செடியா துளிர்க்கும். இப்ப பிளேடு கிடையாது. சீப்பு மாதிரி பல் வச்சு வேரோட வாரி பெல்ட்ல ஏத்துறான். ஃபேனுக்குப் பதிலா துடுப்புச் சக்கரம்.

"மொத்தமா வாரிட்டா தீந்துச்சாடா?"

"எங்கக்கா! விதை சேத்துக்குள்ள 20 வருஷம்கூட உயிரோட கிடக்கும். சாக்கடை வர்றவரைக்கும் அதுக்கு விருந்துதான்."

அமேசான் பக்கத்துச் செடி. பூ அழகா இருக்குன்னு ஊர் ஊரா கொண்டுபோய் வளர்த்தாங்க. 1980கள்ல இதைத் தின்னுற கூன்வண்டுகளை பெங்களூர்ல விட்டுக்கூடப் பார்த்தாங்க.

பெங்களூரோட பெல்லந்தூர், வர்த்தூர் ஏரித்தண்ணி தென்பெண்ணையில கலந்து, கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கெலவரப்பள்ளி அணைக்குத்தான் போகுது. எனக்குப் பிறந்தவீடு கிருஷ்ணகிரி, அதனால கொஞ்சம் சுயநலமும் உண்டு.

அவங்கம்மாவுக்குத்தான் கோவம். பால்கனி பூரா அழுகின வேர் நாத்தம், மார்ச்சுல பரீட்சை வேற. நேத்து மெதுவா வந்து, "அக்கா, உங்க பழைய ஸ்கூட்டி பேட்டரி சும்மாதானே கிடக்கு?"ன்னான்.

குடுத்துட்டேன். அவங்கம்மா இந்தப் பதிவைப் பார்க்காம இருக்கணும்.