எங்கள் வீட்டு ஏடிஎம்

கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த தம்பி வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்து, “என்ன சார், வீட்டுக்குள்ளயே ஏடிஎம் வெச்சுட்டீங்களா?” என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். ஆறடி உயரம், கறுப்பு மைக்கா, நெஞ்சு மட்டத்தில் பட்டன்கள், கீழே காசு போடும் ஓட்டை. அவர் மேல் தப்பே இல்லை. அதற்கு முந்தைய வாரம் மேல்வீட்டு அக்கா அதைப் பூஜை அலமாரி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்று திரையில் ஒரு டைனோசார் ஓடிக்கொண்டிருந்தது.

அது ஆர்கேட் கேபினெட், அதாவது அந்தக் காலத்துக் கடைகளில் காசு போட்டு ஆடிய வீடியோ கேம் பெட்டி. நானே செய்தது. ‘நானே’ என்ற சொல்லை ஆசாரியண்ணன் காதில் விழாமல் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளில் பள்ளி விடுமுறைக்குக் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மாமா வீட்டுக்கு இறங்கிவிடுவேன். அங்கே பாதி ஷட்டர் இறக்கிய ஒரு சின்னக் கடை, உள்ளே நாலு மெஷின். ஒரு ரூபாய்க்கு ஓர் ஆட்டம். பாதிப் பேர் ஆடுவதும் மீதிப் பேர் ஆடுபவன் தோளில் சாய்ந்து யோசனை சொல்வதும் ஒரே ஆட்டத்தைத்தான்: ‘முஸ்தபா’. அதன் சொந்தப் பெயர் ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’ என்பதும், 1993-இல் ஜப்பானின் கேப்காம் வெளியிட்டது என்பதும் இருபது வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. எங்களுக்கு அது முஸ்தபா கேம். தொப்பி போட்டுக்கொண்டு ஓடிவந்து உதைப்பானே, அந்த முஸ்தபா. மாமா காய்கறி வாங்கக் கொடுத்த காசில் எத்தனை கத்தரிக்காய் அவன் காலடியில் போனது என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது எனக்கு வயது நாற்பத்து மூன்று. தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். உள்ளங்கை அகலத்தில் ராஸ்ப்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் கிடைக்கிறது. பழைய ஆர்கேட் மெஷின்களைப் போல நடந்துகொள்ள, 1997-இல் நிக்கோலா சால்மோரியா என்ற இத்தாலியர் தொடங்கி வைத்த ‘மேம்’ என்ற மென்பொருள் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரு பெட்டிக்குள் வைத்தால் ஆயிற்று. “ஃபோன்லயே ஆடலாமே” என்றாள் மனைவி. ஃபோனில் ஆடுவது முஸ்தபாவுக்கு அவமரியாதை என்று அவளுக்குப் புரியவைக்க முடியவில்லை.

ஒரு அமெரிக்கர் போட்ட வரைபடம் கிடைத்தது. அதில் எம்டிஎஃப் பலகை, 18 மில்லிமீட்டர் என்று இருந்தது. ஆசாரியண்ணன் வரைபடத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, “இந்த மலைக்கு அது ஆகாதுங் சார். மரப்பொடிய ஒட்டி அமுக்குன பலகை. தண்ணியக் கண்டா குடிக்கும். பிளைவுட் போட்டுக்கலாமுங்க.” இரண்டு, “நடுவுல ஒரு தட்டு அடிச்சுடட்டுங்களா? சாமான் வைக்கலாம், விளக்கு வைக்கலாம்.” அவரும் பூஜை அலமாரி என்றுதான் நினைத்திருந்தார். இரண்டுக்கும் வேண்டாம் என்றேன். உலகம் பூரா எம்டிஎஃப்-இல்தான் செய்கிறார்கள் என்று விளக்கினேன். அந்த உலகத்தில் ஐப்பசி மாதம் கோத்தகிரி இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

பலகைகள் மேட்டுப்பாளையத்திலிருந்து பிக்கப் வண்டியில் ஏறி வந்தன. குஞ்சப்பனை வரை வெயில். அரவேணு தாண்டியதும் மஞ்சு இறங்கிவிட்டது. எங்கள் வீடு சாலையிலிருந்து அறுபத்து மூன்று படி கீழே. எட்டுக்கு நாலு அடிப் பலகை ஒன்று நாற்பது கிலோ பக்கம் வரும். முன்னால் ஆசாரியண்ணன், பின்னால் நான். எனக்குப் பலகையைத் தவிர வேறெதுவும் தெரியாது. முப்பதாவது படியில் அவர் சட்டென்று நின்றார்.

“என்னங்கண்ணா?”

“பேசாதீங்க சார்.”

பக்கவாட்டில் தலையை நீட்டிப் பார்த்தேன். பத்துப் படி கீழே, பாதையை அடைத்துக்கொண்டு ஒரு காட்டெருமை. கடைசி வீட்டுச் சவ்சவ் கொடியை வேலியோடு சேர்த்து இழுத்து, அவசரமே இல்லாமல் மென்றுகொண்டிருந்தது. எங்களைப் பார்த்தது. பலகையைப் பார்த்தது. மறுபடி மெல்லத் தொடங்கியது. கை கடுத்தது. தூறல் வேறு. சத்தம் வராமல் பலகையை மெதுவாக ஈரப் படியில் இறக்கி, அதன் பின்னால் உட்கார்ந்துகொண்டோம், அது ஏதோ கேடயம் என்பது போல. இருபது நிமிடம் கழித்துக் காட்டெருமை தேயிலைக்குள் இறங்கிப் போனது.

அந்த இருபது நிமிடத்தில் பலகை குடிக்க வேண்டியதைக் குடித்துவிட்டது. மறுநாள் பார்த்தால், கீழ் ஓரம் முழுக்க வர்க்கி பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காகப் பொங்கி நின்றது. தொட்டால் உதிர்ந்தது. ஆசாரியண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

அடுத்த லோடு பிளைவுட்.

ஆசாரியண்ணன் மாலை நாலு மணிக்கு மேல் இருக்க மாட்டார். அவர் போகும் வழியில் கரடி நடமாட்டம். அதனால் நாலு மணிக்கு மேல் நடந்த தப்புகள் எல்லாம் முழுக்க முழுக்க என்னுடையவை. அவற்றில் முதலாவது பக்கப் பலகைகள். வளைவு வளைவாக ஒரு பக்கத்தை அவர் அறுத்து, மைக்கா ஒட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். இன்னொன்றை நான் முடித்துவிட்டால் காலையில் அசந்து போவார் என்று, அதே அளவை அப்படியே வைத்து வரைந்து, அறுத்து, மைக்கா ஒட்டினேன். மில்லிமீட்டர் பிசகவில்லை. காலையில் அவர் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தினார். ஒன்றின் மைக்கா வெளியே பார்த்தது. இன்னொன்றின் மைக்கா உள்ளே பார்த்தது. திருப்பினால் மூக்கு பின்பக்கம் போனது. நான் செய்து வைத்திருந்தது இரண்டாவது இடது பக்கம்.

“செருப்புக்கடைல இப்படிக் கொடுத்தா வாங்குவீங்களா சார்?” என்றார்.

பட்டன் ஓட்டை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டனுக்கு 30 மில்லிமீட்டர் வேண்டும். என்னிடம் இருந்த வட்ட ரம்பம் ஒரு அங்குலம், அதாவது 25.4. “கொஞ்சம் ராவினால் போதும்” என்று நினைத்தேன். பதினாறு ஓட்டைகள். மூன்று நாள் அரம் போட்டு ராவியதில் சில 30, சில 33, ஒன்று முட்டை வடிவம்.

ஆனால் ஒயரிங் கதையைச் சுருக்க மனம் வரவில்லை.

ஜாய்ஸ்டிக்கின் அடியில் நாலு பக்கமும் நாலு மைக்ரோ சுவிட்ச் இருக்கும், ‘டிக்’ என்று சத்தம் போடும் சின்னக் கறுப்புப் பெட்டிகள். பலகையைப் புத்தகப் பக்கம் போலப் புரட்டிப் போட்டு, மேலே இருந்த சுவிட்சுக்கு ‘மேல்’ ஒயர், வலப்பக்கம் இருந்ததற்கு ‘வலம்’ ஒயர் என்று கொடுத்தேன். சுவிட்சைப் போட்டேன். முஸ்தபா இடம் வலம் ஒழுங்காக நடந்தான். மேலே தள்ளினால் மட்டும் கீழே வந்தான்.

ஜாய்ஸ்டிக் நடுவில் ஓர் அச்சில் ஆடுவது. குமிழை முன்னால் தள்ளினால் அடியில் அதன் வால் பின்னால் போய் எதிர்ப்பக்கச் சுவிட்சைத்தான் தட்டும். அதாவது எல்லா ஒயரும் எதிரெதிராக இருக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் ராத்திரி பதினொரு மணிக்கு நாலு ஒயரையும் மாற்றிப் போட்டேன். இப்போது மேலும் கீழும் சரி. இடதும் வலதும் தலைகீழ். வேறு ஜாய்ஸ்டிக் வாங்க வேண்டும் என்ற முடிவுக்கே வந்துவிட்டேன். ஏழாவது படிக்கும் மகன் வந்து ஒரு நிமிடம் பார்த்தான். “பலகையத் திருப்பிப் போட்டதுல ஏற்கெனவே இடம் வலம் மாறிடுச்சுல்லப்பா. நீங்க அதையும் மாத்துனா?” என்றான். முதலில் நான் செய்த இரண்டு தப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியாகியிருந்தன. ஒன்றைத் திருத்தி அந்தச் சமாதானத்தைக் கெடுத்தது நான்.

திரைக்குப் பழைய இரும்புக்கடையில் 21 அங்குல டப்பா டிவி. தட்டையான மானிட்டர் வைத்தால் அந்தக் காலத்துப் புள்ளிகளின் மினுக்கல் வராது என்று நானும் கொஞ்சம் பிடிவாதமாக இருந்துவிட்டேன். ராஸ்ப்பெர்ரி பையிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளைப் பின் உள்ள கேபிள். மஞ்சளை மஞ்சள் ஓட்டையில் செருகினேன். படம் இல்லை. இரண்டு ராத்திரி போனது. மூன்றாவது ராத்திரி மனைவி பால் காய்ச்ச எழுந்து வந்தவள், “எல்லாத்தையும் மாத்தி மாத்திச் செருகிப் பாருங்களேன்” என்றாள். எலெக்ட்ரானிக்ஸ் அப்படி வேலை செய்யாது என்று பொறுமையாகச் சொன்னேன். அவள் சிவப்புப் பின்னைப் பிடுங்கி மஞ்சள் ஓட்டையில் செருகினாள். படம் வந்தது. பழைய வீடியோ கேமரா கேபிள்களில் உள்ளே வரிசை வேறு என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அவள் படிக்கவில்லை.

காசு வாங்கும் கருவிக்கு ஒரு மாதிரிக் காசை உள்ளே செருகி வைக்க வேண்டும். அதைப் போன்ற காசை மட்டும் விழுங்கும், மற்றதைத் துப்பிவிடும். ஏக்கத்தில், உண்டியலிலிருந்து அந்தக் கால ஒரு ரூபாயை எடுத்து வைத்தேன். அது 25 மில்லிமீட்டர். 2011-இல் வந்த ஒரு ரூபாய் 22 மில்லிமீட்டர்தான், 2019-இல் வந்தது இன்னும் சின்னது. ஆகவே இன்றைய ஒரு ரூபாயை மெஷின் காறித் துப்பியது. ஆனால் 2011-இல் வந்த இரண்டு ரூபாய், அளவிலும் எடையிலும் பழைய ஒரு ரூபாயேதான். அதை ஆசையாக விழுங்கி ஓர் ஆட்டம் கொடுத்தது. “விலைவாசி ஏறிடுச்சு” என்று மகனிடம் சமாளித்தேன்.

மனைவிக்கு முஸ்தபா பிடிக்கவில்லை. அவளுக்கென்று 1980-இல் நாம்கோவின் டோரு இவாதானி உருவாக்கிய பேக்-மேன் போட்டுக் கொடுத்தேன். அது நாலே திசையில் ஆடுவது. என் ஜாய்ஸ்டிக் முஸ்தபாவுக்காக வாங்கிய எட்டுத் திசைக்காரன். மூலையில் குமிழ் பட்டதும் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் பேக்-மேன் சுவரில் முட்டிக்கொண்டு நிற்க, பேய் வந்து தின்றுவிடும். “உங்களுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணு” என்று சொல்லிவிட்டுப் போனவள், அந்தப் பெட்டி இருக்கும் பக்கமே ஒரு மாதம் வரவில்லை.

அப்புறம் மார்கழி வந்தது.

மலையில் குடும்பம் நடத்துபவர்களுக்குத் தெரியும், மார்கழியில் தோசை மாவு புளிக்காது. கம்பளி போர்த்தி வைப்போம், அடுப்புப் பக்கத்தில் வைப்போம், சுடுதண்ணீர் குண்டானில் இறக்கி வைப்போம். இரண்டு நாள் ஆனாலும் அரைத்த அன்று இருந்த அதே முகத்தோடு உட்கார்ந்திருக்கும். ஒரு காலையில் இட்லி வந்தது. பஞ்சு மாதிரி. எப்படி என்று கேட்டேன்.

“உங்க பெட்டிக்குள்ள வெச்சேன்” என்றாள்.

டப்பா டிவியின் சூடு. பின்கதவைச் சாத்திவிட்டால் உள்ளே மேட்டுப்பாளையம். ராத்திரி நான் அணைக்க மறந்திருக்கிறேன், அவள் தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

அன்றிலிருந்து பெட்டியை அணைக்க எனக்கு அனுமதி இல்லை. யாரும் ஆடாதபோது ஆர்கேட் ஆட்டங்கள் தானாகவே கொஞ்சம் ஆடிக் காட்டும், வருகிறவர்களை இழுப்பதற்காக. ஆகவே எங்கள் வீட்டில் விடிய விடிய முஸ்தபா டைனோசார்களோடு சண்டை போடுகிறான், இட்லி மாவு புளிப்பதற்காக. மேல்வீட்டு அக்காவும் இப்போது ஒரு தூக்குவாளி கொடுத்தனுப்புகிறார்.

போன சனிக்கிழமை ஊரிலிருந்து மாமா குடும்பம் வந்தது. இரண்டு மடங்கு மாவு. இடம் போதாமல் பாத்திரத்தை டிவி பக்கத்தில் சாய்வாக நிறுத்தியிருக்கிறாள். விடியற்காலையில் மாவு பொங்கி, மூடியைத் தள்ளி, பலகை ஓரமாக வழிந்து, நேராகக் காசுப் பெட்டிக்குள் இறங்கியிருந்தது. மகன் உட்கார்ந்து இரண்டு ரூபாய் நாணயங்களை ஒவ்வொன்றாகக் கழுவினான். எண்பத்தாறு ரூபாய். மாமா அதைப் பார்த்துக்கொண்டே, “இதுல அந்தக் காலத்துல நம்ம வீட்டுக் கத்தரிக்காய்க் காசும் இருக்குமா மாப்ளே?” என்று கேட்டார்.

ஆசாரியண்ணனுக்கு ஃபோன் போட்டேன். வந்தார். பின்கதவைத் திறந்து, காய்ந்த மாவை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நடுவில் ஒரு தட்டு அடிக்க வேண்டும் என்றேன். என்னை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான். நான் அளவுகளை எழுதி வைத்திருந்த தாளை நீட்டினேன். அதை மடித்துக் காதில் சொருகிக்கொண்டு, சமையலறைப் பக்கம் திரும்பினார்.

“அம்மா, அந்தப் பாத்திரத்தக் கொஞ்சம் கொண்டாங்க. அளவு பார்த்துக்கறேன்.”