அல்சர் ஆபரேஷனுக்குப் பிறகு கிருமி டெஸ்ட்: போகும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்

அப்பாவுக்கு அல்சர் ஓட்டையாகி எமர்ஜென்சி ஆபரேஷன். வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புச் சவ்வை வைத்து ஓட்டையை அடைத்துத் தைத்தார்கள். உயிரைக் காப்பாற்றிய டாக்டர்களுக்கு நன்றி சொல்லி மாளாது. ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில், வயிற்றில் புண்ணை உண்டாக்கும் எச். பைலோரி என்ற கிருமி பற்றி ஒரு வரிகூட இல்லை. தையல் பிரிக்கும்போது நானாகக் கேட்டதால்தான், "அதைக் கட்டாயம் பார்க்கணும் தம்பி. கிருமி உள்ளே இருந்தா புண்ணு திரும்ப வரும்" என்றார் சர்ஜன்.

மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டேன். மூச்சு டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு வந்தால் போதும் என்றார்கள். விடியுமுன் பாம்பனில் பஸ் ஏறினோம். பஸ் தூக்கிப் போடும்போதெல்லாம் அப்பா துண்டை மடித்துத் தையல் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார். அங்கே போய்ப் பணம் கட்டி உட்கார்ந்த பிறகு டெக்னீசியன் கேட்கிறார்: "கேஸ் மாத்திரை எப்ப நிறுத்துனீங்க?" நிறுத்தவே இல்லை. பேன்டோபிரசோல் தினமும் போடுகிறார். தையலில் சீழ் வைத்ததற்கு ஆன்டிபயாடிக் வேறு முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். போனில் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் ஆபரேஷன் ஆன மனுஷனை இப்படி அலைக்கழித்திருக்க வேண்டாம். இன்னும் ஆறவில்லை எனக்கு.

கேஸ் மாத்திரையை 2 வாரமும் ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடலாம். மலப் பரிசோதனைக்கும் இதே கணக்குதான். ஆனால் புதுத் தையல் உள்ளவர்கள் சர்ஜனைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவே கூடாது.

அடுத்த முறை எல்லாம் சரியாக நடந்தது. கேப்சூல் விழுங்கி, கொஞ்ச நேரம் கழித்து ஊதினார். பாசிட்டிவ்.

14 நாள் மருந்து. வாயெல்லாம் தகரத்தை நக்கியது போல இருக்கிறது என்று அப்பா சோற்றைத் தள்ளிவிடுவார். ஒரு நாள் காலையில் மலம் கரியாகப் போக, ரத்தக் கசிவோ என்று அம்மா அழுதேவிட்டார். டாக்டருக்குப் போன் செய்தோம். தலைசுற்றல், வயிற்றுவலி, வாந்தி உண்டா என்று விசாரித்துவிட்டு, மருந்தில் உள்ள பிஸ்மத் அப்படித்தான் கருப்பாக்கும் என்றார். சீட்டு எழுதும்போதே இதைச் சொல்லியிருக்கலாம்.

முடித்து 4 வாரம் கழித்து மறுபடி டெஸ்ட். பக்கத்து லேபில் ரத்தத்திலேயே பார்த்துத் தருகிறோம் என்றார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். கிருமி செத்த பிறகும் ரத்த டெஸ்ட் பல மாதம் பாசிட்டிவ் என்றே காட்டும். திரும்பவும் மூச்சு டெஸ்ட்தான் எடுத்தோம். நெகட்டிவ்! ஜூன் 14-இல் மீன்பிடித் தடை முடிவதற்குள் ரிசல்ட் கைக்கு வந்துவிட்டது.

கடலுக்குப் போகிற நம் ஆட்களுக்கு இன்னொன்று. வலை இழுத்த வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்லோபினாக், கிருமியே இல்லாவிட்டாலும் வயிற்றைப் புண்ணாக்கும். அல்சர் ஆபரேஷன் ஆனதைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லி, பாராசிட்டமால் மட்டும் கேளுங்கள்.