நல்லாசிரியர் விருதுக்கு நானே போட்ட மனு

“சார், இந்த வருஷம் உங்க பேரைக் கொடுக்கப் போறேன்” என்று தலைமையாசிரியை சொன்னபோது, ஏதோ வாக்காளர் பட்டியல் வேலை என்றுதான் நினைத்தேன். அரசுப் பள்ளியில் பெயர் கொடுப்பது என்றால் பெரும்பாலும் அதுதான். 2019 ஜூன், பள்ளி திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரலில் பார்த்த மக்களவைத் தேர்தல் வேலையின் அலுப்பே இன்னும் தீரவில்லை.

“தேசிய நல்லாசிரியர் விருதுக்கு” என்றார்.

அடுத்த நாளே சுற்றறிக்கையை முழுசாகப் படித்துவிட்டு வந்து, “நான் கொடுக்க முடியாதாம் சார். நீங்களேதான் உங்களுக்குப் போட்டுக்கணுமாம்” என்றார்.

இந்த விருது 1958-லிருந்து இருக்கிறது. ரொம்ப காலம் மாநில அரசுகள் பரிந்துரைக்க, நாடு முழுவதும் முந்நூறு பேருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2018-ல் விதியை மாற்றிவிட்டார்கள். ஆசிரியரே இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும், மாவட்டக் குழு மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கும், மாநிலக் குழு அதிலிருந்து வடிகட்டி டெல்லிக்கு அனுப்பும், அங்கே ஒரு தனி நடுவர் குழு. அந்த வருடம் விருது பெற்றவர்கள் மொத்தமே 45 பேர். வெள்ளிப் பதக்கம், சான்றிதழ், 50,000 ரூபாய். மாநில அரசு தரும் டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது வேறு. அது ஆண்டுக்கு முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கிடைக்கிறது, தொகை 10,000 ரூபாய். ஊரில் இரண்டுக்குமே ஒரே பேர்தான், நல்லாசிரியர் விருது.

சிபாரிசு பிடித்து வாங்கும் விருது என்ற கெட்ட பெயர் போகட்டும் என்றுதான் ஆசிரியரையே விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் “நான் ஒரு சிறந்த ஆசிரியர்” என்று நானே தட்டச்சு செய்ய வேண்டியிருந்தபோது கை கூசியது. என் மனைவி சமையலறையிலிருந்து, “பத்துப் பேர்கிட்ட பீத்திக்கிறதை ஒரே இடத்துல எழுதப் போறீங்க, அவ்வளவுதானே” என்றாள். சரி என்று உட்கார்ந்தேன்.

நான் விண்ணப்பித்த வருடம் 100 மதிப்பெண்ணில் 20 புள்ளிவிவரம் சார்ந்தது, 80 செயல்பாடு சார்ந்தது. அந்த 20-க்குள் பள்ளிக்கு ஒழுங்காக வருகிறாரா, பணியிடைப் பயிற்சிகளுக்குப் போனாரா, சேர்க்கையைக் கூட்டினாரா, ஆய்வுக் கட்டுரை எழுதினாரா, ஸ்வயம் மாதிரி இணையவழிப் படிப்பில் சேர்ந்தாரா என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு, மூன்று மதிப்பெண். ஸ்வயத்தில் சேர்ந்திருந்தேன், முடிக்கவில்லை. ‘சேர்ந்தாரா’ என்றுதானே கேட்கிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். தனியாக டியூஷன் எடுப்பவர்களுக்குத் தகுதி கிடையாது. சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பிள்ளைகள் வந்து உட்காருவார்கள், காசெல்லாம் வாங்குவதில்லை. “அது டியூஷன்ல வருமா சார்?” என்று சக ஆசிரியர் ஒருவர் விளையாட்டாகக் கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரி பதினொரு மணி வரைக்கும் விதிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

80-ல் 30 மதிப்பெண் வகுப்பறையில் செய்த புதுமைகளுக்கு. அறிவியல் ஆசிரியருக்கு இது கரும்பு தின்னக் கூலி மாதிரி இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் செய்ததைச் சொன்னால் போதாது. புகைப்படம், வீடியோ, அறிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் சான்று ஏற்ற வேண்டும். என் கைபேசியில் தேடினால் சுதந்திர தினக் கொடியேற்றம், கண்காட்சியில் அதிகாரி ரிப்பன் வெட்டுவது, இலவச சைக்கிள் விழா, இதுதான் இருந்தது. யாராவது வந்தால்தான் படம் எடுப்போம். யாரும் வராத நாளில் நடக்கிற பாடத்துக்குப் படம் ஏது?

என் பணிக்காலத்தில் உருப்படியாகச் செய்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் ஒன்றைச் சொல்வேன். 2017 ஆகஸ்ட் 24, வியாழக்கிழமை. மறுநாள் விநாயகர் சதுர்த்தி விடுமுறை. எங்கள் ஊர் காவிரிப் படுகையில் இருக்கிறது. சூரியன் வருடத்தில் இரண்டு நாள் உச்சிப்பொழுதில் நேர் தலைக்கு மேலே வந்து நிற்கும், நட்ட கம்புக்கு நிழலே விழாது. ஏப்ரலில் ஒரு முறை, ஆகஸ்ட் கடைசியில் ஒரு முறை. ஏப்ரலில் பரீட்சை. அதனால் எங்களுக்கு ஆகஸ்ட்தான்.

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பழக்கமான ஆசிரியர் ஒருவர் நாகர்கோவில் பக்கம் இருந்தார். அதே நாளில் அவர் பள்ளியிலும் ஒரு மீட்டர் பி.வி.சி. குழாயை நட்டு நிழலை அளக்கச் சொல்லி ஏற்பாடு. கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் இரண்டாயிரத்து இருநூறு வருடத்துக்கு முன் எகிப்தில் செய்த அதே கணக்குதான். இங்கே நிழல் இல்லை, அங்கே நிழல் இருக்கிறது. அந்த நிழலின் நீளத்திலிருந்து அங்கே சூரியன் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற கோணம் கிடைக்கும். அந்தக் கோணமும் இரண்டு ஊருக்கும் இடையிலான வடக்கு தெற்குத் தூரமும் தெரிந்தால் பூமியின் சுற்றளவு வந்துவிடும்.

காலையிலிருந்து மேகம். எங்களுக்கு உச்சிப்பொழுது 12.16, அவர்களுக்கு 12.23. பன்னிரண்டு மணிக்கு நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். சத்துணவுத் தட்டுகளை எடுக்கப் பாதிப் பேர் போய்விட்டார்கள். 12.12-க்கு மேகம் விலகியது. யார் கத்தியது என்று தெரியாது, தட்டும் கையுமாக அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். குழாயின் அடியில் நிழல் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் குழாய் மொட்டையாக நின்றது. “சார், நிழலை யாரோ தின்னுட்டாங்க” என்றான் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். கொஞ்ச நேரத்தில் நாகர்கோவிலிலிருந்து போன். நிழல் 4.8 செ.மீ., தெற்குப் பக்கமாக விழுந்திருக்கிறது.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மரத்தடியிலேயே உட்கார்ந்து தன் அறிவியல் நோட்டில் கணக்குப் போட்டாள். நிழல் நீளத்தைக் கோணமாக்கும் டேன் அட்டவணையை நான் பார்த்துச் சொன்னேன், கோணம் 2.75 டிகிரி. அட்லஸில் அடிக்கோல் வைத்து அளந்த தூரம் 290 கி.மீ. விடை 37,964 கி.மீ. உண்மையான சுற்றளவு ஏறக்குறைய 40,000. அவள் அதன் கீழே, ‘நிழல் 2 மி.மீ. அதிகமாக அளந்திருக்கலாம். ஓரம் மங்கலாக இருந்தது என்று அந்த சார் சொன்னார்’ என்று எழுதியிருந்தாள். அன்றைக்கு ஒருவர்கூட ஒரு படம் எடுக்கவில்லை. எல்லோரும் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு வருடம் கழித்து எனக்கு இருந்த ஒரே சான்று அந்த நோட்டுதான். அந்தப் பெண் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வேறு ஊரில் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்திருந்தாள். பழைய நோட்டெல்லாம் பேப்பர்காரனுக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா இட்லி மாவு அரைத்து விற்பவர். “அந்த நோட்டா சார்? இதோ” என்று ஆணியில் தொங்கிய மஞ்சள் பையிலிருந்து எடுத்தார். முன்பாதியில் அறிவியல், பின்பாதியில் மாவுக் கடன் கணக்கு. மகள் மிச்சம் விட்ட வெள்ளைத் தாளை அவர் வீணாக்கவில்லை.

“ரெண்டு நாள்ல தந்துடுறேங்கம்மா” என்று வாங்கி வந்தேன்.

பிரௌசிங் சென்டரில் ஸ்கேன் எடுக்கும்போது சக ஆசிரியர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். “சார், நாகர்கோவில்ல நிழல் 4.6-னு போட்டு அடிச்சுப் பாருங்க, 40,000-க்குக் கிட்ட வரும். 37,964-னு அனுப்புனா தப்பா சொல்லிக் கொடுத்திருக்காருன்னு நினைப்பாங்க.” நல்லெண்ணத்தில்தான் சொன்னார். கொடுத்த தகவலெல்லாம் உண்மை என்று உறுதிமொழி வேறு தர வேண்டும். அதுகூடப் பெரிய காரணமில்லை. அந்தப் பெண்ணின் கையெழுத்துக்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. அப்படியே ஏற்றினேன். கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி, சர்வர் மூன்று முறை கைவிட்டு நாலாவது முறை போனது.

மாவட்டத் தேர்வுக் குழுவில் கல்வி அலுவலரோடு மாநில அரசின் பிரதிநிதி ஒருவரும், ஆட்சியர் நியமித்த கல்வியாளர் ஒருவரும் இருப்பார்கள். எங்கள் மாவட்டத்தில் மூலச் சான்றுகளையும் கொண்டுவரச் சொன்னார்கள். வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவர் மூன்று பைண்டிங் செய்த ஆல்பங்களோடு வந்திருந்தார், ஒவ்வொன்றும் கல்யாண ஆல்பம் கனம். என் பையில் ஒரு ஃபைல், ஒரு நோட்டு, ஒரு அடி நீளத்துக்கு அறுத்த பி.வி.சி. குழாய். குழாய் எதற்கு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

முதல் கேள்வி: “இதனால தேர்ச்சி விகிதம் எவ்வளவு கூடுச்சு?” பதில் இல்லை. நிழலைப் பார்த்ததற்கும் பத்தாம் வகுப்பு அறிவியலில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதற்கும் நான் எப்படிக் கோடு போடுவது? ஏதோ மென்று விழுங்கினேன். அப்புறம் அந்தக் கல்வியாளர் நோட்டைப் புரட்டினார். 37,964-ல் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தார். “இதை ஏன் திருத்தல?” என்றார். “அவ அளந்தது அவ்வளவுதாங்க ஐயா” என்றேன். கீழே இருந்த இரண்டு வரியைப் படித்தார். அடுத்த பக்கம் திருப்பினார், அதற்கடுத்ததும். “மாவு அரைக்கிலோ, பாக்கி... இதுவும் புதுமைச் செயல்பாடா?” என்று கேட்டபோதுதான் சிரித்தார். நானும் சிரித்தேன், அப்போதுதான் மூச்சே வந்தது.

பரிசீலனை முடிந்ததும் தருவதாகச் சொல்லி மூலச் சான்றுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மாவட்டத்தின் மூன்று பெயரில் என் பெயர் மூன்றாவதாக இருந்தது. மாநிலக் குழுவுக்குப் போன தொண்ணூற்றுச் சொச்சம் பேரில் அத்தோடு நின்றுவிட்டது. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஒரு வாரம் யார் விருது என்று பேச்செடுத்தாலும் எழுந்து போனேன். தேர்வானவர்கள் செய்ததைப் படித்தபோது அது கொஞ்சம் குறைந்தது. கணக்காகத் திட்டமிட்டு, வருடக்கணக்கில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். புதிதாக விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: ஜூனில் இணையதளம் திறந்த பிறகு சான்று தேடாதீர்கள். வகுப்பில் ஒரு பிள்ளையிடம் கைபேசியைக் கொடுத்து, அன்றைக்குத் தேதி போட்டு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். மூலத்தை மட்டும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.

ஏனென்றால் நோட்டு வரவில்லை. ஜூலை போனது, ஆகஸ்ட் போனது. அந்த அம்மாவை வழியில் பார்த்தால் நான் சைக்கிளை வேறு சந்தில் திருப்பினேன். இரண்டு தடவை ஆபீஸுக்கு நடந்தேன். ஒரு தடவை எழுத்தர் விடுப்பு, இன்னொரு தடவை பீரோ சாவி விடுப்பு.

செப்டம்பர் 5 அன்று மூன்றாவது தடவை போனேன். ஆசிரியர் தினம். வரவேற்பறை டி.வி.யில் டெல்லி விழா ஓடிக்கொண்டிருந்தது, குடியரசுத் தலைவர் ஒவ்வொருவராகப் பதக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். எழுத்தர் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் பீரோவைத் துழாவி நோட்டை நீட்டினார். முதல் பக்கத்தில் ஆபீஸ் முத்திரை, மேலே சிவப்பு மையில் ஒரு வரிசை எண்.

சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கவே கூச்சமாக இருந்தது. அவர் முத்திரையையோ பூமியின் சுற்றளவையோ பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் திருப்பி, எச்சில் தொட்டு நாலு தாள் தள்ளி, ஒரு வரியில் விரலை வைத்தார்.

“பாத்தீங்களா சார், 340. அந்த மேலத்தெரு ஆளு 200-னு சத்தியம் பண்ணான்” என்று சொல்லிவிட்டு, நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு அப்போதே கிளம்பினார்.