மச்சாள் வீட்டு பிளக் பொயின்ற்

என் கார் ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்பவர்களுக்கு நான் ஏதோ ஒரு கணக்குச் சொல்லிச் சமாளிக்கிறேன். உண்மையான பதில் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில், மச்சாள் வீட்டு விறாந்தைச் சுவரில் இருக்கிறது.

எனக்கு வீடு கல்லடி, படிப்பிக்கிற பள்ளிக்கூடம் கல்முனை. போய்வர 75 கிலோமீற்றர் சொச்சம். கார் 2013ஆம் ஆண்டு நிசான் லீஃப், 24 கிலோவாட்அவர் பட்டரி. வாங்கியது 2021 கடைசியில். வாகன இறக்குமதி நின்று ஒன்றரை வருஷம் தாண்டிய நேரம், பழைய சுசுகி வாகன்ஆருக்கே ஆனை விலை. “கரண்ட்ல ஓடுறதெண்டா செலவில்லத்தானே” என்றார் வீட்டுக்காரர். நானும் தலையாட்டினேன்.

சார்ஜைக் காட்டும் கோடுகளுக்குப் பக்கத்தில் பட்டரியின் ஆயுளைக் காட்டும் சின்னக் கோடுகள் உண்டு. புதிதில் 12. அதில் முதல் கோடு விழும்போதே கொள்ளளவில் 15 வீதம் போயிருக்கும். விற்றவர் எங்களுக்குக் காட்டியது 11 கோடு. மூன்றே மாதத்தில் அது 9 ஆயிற்று. பட்டரிக் கணக்கை ரீசெட் பண்ணி விற்கிற வித்தை ஒன்று இருப்பது அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது. பழைய மின்சாரக் கார் பார்க்கப் போகிறவர்கள் கோட்டை நம்ப வேண்டாம். முழுசாக சார்ஜ் ஏற்றி, ஏசியும் போட்டு, பாதிக்கு மேல் இறங்கும்வரை ஓட்டிப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் அதுவே பதில்.

ஆனாலும் 2022இல் இந்தக் கார் எங்களுக்கு மரியாதை தேடித் தந்தது. 92 ஒக்டேன் பெற்றோல் 470 ரூபாவுக்குப் போன காலம். கியூஆர் காட்டிப் பங்குக்குப் பெற்றோல் வாங்கும் முறை வந்த தொடக்கத்தில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். ஆரையம்பதி, கிரான்குளம், செட்டிபாளையம் என்று வரிசைகளைக் கடந்து சத்தமில்லாமல் போகும்போது எனக்கே கூச்சமாக இருக்கும். எங்கள் பாடு வேறு. மின்வெட்டு நேரம் பார்த்து, சாமத்தில் எழும்பி வயர் கொழுவ வேண்டும். காலையில் காரை ஸ்டார்ட் பண்ணினால் ஜப்பான்காரி ஒருத்தி ஏதோ சொல்வாள். மகன் அவளுக்கு ஒவ்வொரு நாளும் “சரி மிஸ்” என்று பதில் சொல்லுவான்.

9 கோட்டோடு, ஏசியும் போட்டால், திரும்பி வரும்போது களுவாஞ்சிகுடியில் நெஞ்சு இடிக்கத் தொடங்கிவிடும். அங்கேதான் வீட்டுக்காரரின் தங்கச்சி, என் மச்சாள் வீடு. கிழமைக்கு மூன்று நாள், ஒன்றரை மணித்தியாலம் ஏற்றினால் 4 யூனிட். இரண்டாம் கிழமை ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது மச்சாள் மூக்கைச் சுருக்கினாள்.

“இஞ்ச வாகா, என்னமோ எரியிற மணமா கிடக்கு.”

ஓடிப்போய்ப் பார்த்தால் பிளக் தொட முடியாத சூடு. ஒரு பின்னைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தது. காரோடு வந்த ஜப்பான் வயர் 15 ஆம்பியருக்கு உரியது. அதன் தலையை வெட்டிவிட்டு யாரோ நம்மூர் 13 ஆம்பியர் பிளக்கைப் பொருத்தியிருக்கிறார்கள். ஐந்து நிமிஷம் தேத்தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தலுக்கு அது தாங்கும், ஒன்றரை மணித்தியாலம் ஒரே இழுவையாக இழுத்தால் தாங்காது. வயர்மனைக் கூப்பிட்டு, தனி வயர் இழுத்து, 15 ஆம்பியர் பொயின்ற் போட்டு, எர்த்தும் புதிதாக அடித்தோம். அந்தச் செலவு என்னுடையது.

மறுகா பில் வந்தது. மச்சாள் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. பில்லை மட்டும் என் கண்ணில் படுகிற மாதிரி மேசையில் வைத்திருந்தாள். 86 யூனிட் எரிகிற வீடு 134க்குப் போயிருந்தது. 90ஐயும் 120ஐயும் தாண்டினால் யூனிட் விலையோடு நிலைக் கட்டணமும் ஏறும். என்னுடைய 48 யூனிட்டால் அவளுடைய நிலைக் கட்டணமும் ஏறியது. காசை நீட்டினேன். “சொந்தத்துக்குள்ள கரண்ட்டுக்குக் காசு வாங்குறதா?” என்று கையைத் தட்டிவிட்டாள். கட்டித் தயிர் கொண்டுபோனேன். சட்டியைக் கழுவி, அதற்குள் மாங்காய் போட்டுத் திருப்பித் தந்தாள். கடன் இன்னும் ஏறியது.

கடைசியில் அவளே வழி சொன்னாள். கார் சார்ஜ் ஏறுகிற ஒன்றரை மணித்தியாலமும் அவளுடைய மூத்த மகளுக்கு நான் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்த பிறகு கல்லடிப் பாலத்தில் புது பிவைடி மின்சாரக் கார்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன. ஸ்டாஃப் ரூமில், “ரீச்சர், இதைக் குடுத்துட்டு அதை எடுங்களேன்” என்கிறார்கள். 60 கிலோவாட்அவர் பட்டரி, கல்முனைக்கு நாலு தரமாவது போய்வரலாம், எனக்கும் ஆசைதான். ஆனால் அதை மச்சாள் வீட்டில் நிரப்ப 20 மணித்தியாலம் வேண்டும். அவ்வளவு கணக்கு என்னிடம் இல்லை.

மூத்தவள் வருகிற வருஷம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். எனக்கு அதுதான் யோசனையாகக் கிடந்தது. போன கிழமை இளையவனின் தவணை ரிப்போட்டை மச்சாள் கொண்டுவந்து காட்டினாள். ஏழாம் வகுப்பு, கணக்குக்கு 31. இன்னும் நாலு வருஷத்துக்குப் பயமில்லை.