ஒரு டாலர் கூட்டிச் சொல்பவரைத் திட்டாதீர்கள்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'தி பிரைஸ் இஸ் ரைட்' நிகழ்ச்சியில் நான்கு பேர் வரிசையாக நிற்பார்கள். ஒரு பொருளைக் காட்டி விலை கேட்பார்கள். உண்மை விலையைத் தாண்டாமல் அதை நெருங்கிச் சொன்னவருக்கே பொருளும் மேடையும். முதலாமவர் 750 என்கிறார், இரண்டாமவர் 900, மூன்றாமவர் 1,100. நான்காமவர் பூனை மாதிரி நின்றுவிட்டு "901" என்கிறார். 900 சொன்னவர் முகம் சுருங்கிவிடும். சோபாவில் இருப்பவர்கள் "இதெல்லாம் ஒரு பிழைப்பா?" என்பார்கள்.

ஆனால் அதுதான் சரியான ஆட்டம். நாகரிகம் பார்த்து 950 சொன்னால், விலை 901 முதல் 949-க்குள் இருந்தால் பரிசு 900 சொன்னவருக்குப் போய்விடும். 950 முதல் 1,099 வரை எப்படியும் தன்னுடையதுதான். ஆக, 49 டாலரைத் தானமாகக் கொடுத்ததுதான் மிச்சம்! விலையை அச்சுப்பிசகாமல் சொல்ல முடியும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால், கடைசி ஆளுக்கு உருப்படியான பதில்கள் நான்கே: 751, 901, 1,101 அல்லது வெறும் 1. மூவரும் தாண்டிவிட்டார்கள் என்று தோன்றினால் ஒரு டாலர். அரங்கமே சிரிக்கும், சிரிக்கட்டும்.

இந்த வித்தை கடைசி ஆளுக்கு மட்டும்தான் பலிக்கும். மூன்றாமவர் ஆசைப்பட்டு 901 சொன்னால், நான்காமவர் 902 என்று சொல்லி அவர் கதையை முடித்துவிடுவார்.

அடுத்து, மேடைக்குப் போனவர்கள் சுற்றும் பெரிய சக்கரம். 5 முதல் 100 வரை ஐந்தைந்தாக 20 கட்டங்கள். மூன்று பேர், ஆளுக்கு அதிகபட்சம் இரண்டு சுற்று. 100-ஐத் தாண்டாமல் அதிகம் எடுத்தவருக்கே வெற்றி; கூட்டுத்தொகை தாண்டினால் அவுட். முதலில் சுற்றுபவருக்கு 65 விழுந்தால் "நிறுத்து, நிறுத்து" என்று எல்லோரும் கத்துவார்கள். கேட்கக் கூடாது. மறுபடி சுற்றினால் 65% அவுட், உண்மைதான். ஆனால் நின்றாலும் பின்னால் வரும் இருவருமே 65-ஐத் தாண்டாமல் சறுக்க வேண்டும். அது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சுற்றுவது மயிரிழையில் மேல். 70 விழுந்தால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். இரண்டாமவர் முதலாமவரை முந்திவிட்டாலும், 50 அல்லது அதற்குக் கீழே என்றால் இன்னொரு சுற்று போயாக வேண்டும்.

மூவரும் சரியாக ஆடினால் வெற்றி வாய்ப்பு முறையே ஏறத்தாழ 31, 33, 36 சதவீதம். மேடையில் அதிகப் பரிசு வென்றவர் கடைசியாகச் சுற்றுவார். இருப்பவனுக்கே இன்னும் கொஞ்சம்.

கணக்குக்கு அடங்காத குறும்பு ஒன்றும் சக்கரத்தில் உண்டு: எண்கள் வரிசையில் இல்லை. 100-க்கு ஒரு பக்கம் 5, மறுபக்கம் 15. கைகூப்பி வேண்டிக்கொண்டிருக்கும்போதே சக்கரம் 100-ஐத் தொட்டு, ஒரே ஒரு கட்டம் நகர்ந்து நிற்கும்.